எம்எக்ஸ்-5 காரில் சீட் மாற்றுவது

கார் வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஓட்டுபவரின் உடம்பு வெளிப்பக்கமாகத் தள்ளப்படுகிறது. நல்ல டயர் போட்ட ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஏறக்குறைய 0.9 ஜி வரை பக்கவாட்டு விசையில் நிற்கும். 70 கிலோ எடையுள்ளவருக்கு, 60 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் விலாவில் வந்து சாய்கிறது என்று அர்த்தம். சீட் அந்த உடம்பைப் பிடித்துக்கொள்ளாவிட்டால், முழங்காலைக் கதவில் முட்டுக்கொடுத்து, ஸ்டீயரிங்கைப் பற்றிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கையின் பலமெல்லாம் விழாமல் இருப்பதற்கே செலவாகிவிட்டால், முன் டயர்கள் பிடியை இழக்கத் தொடங்குவது விரல்களுக்குத் தெரியாமலே போகும்.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் காரோடு வந்த சீட்டைக் கழற்றிவிட்டு வேறு சீட் பொருத்த விரும்புவதற்கு முதல் நியாயமான காரணம் இது. எடை குறையும் என்றும் சொல்வார்கள். குறையும்தான், ஃபைபர்கிளாஸ் கூட்டில் செய்த சீட்டுகள் பல 10 கிலோவுக்கும் குறைவாகவே இருக்கின்றன. ஆனால் அதைத் தாங்கும் பிராக்கெட்டையும் ரெயிலையும் சேர்த்துப் பார்த்தால் மிச்சமாவது சில கிலோதான். அதற்காக மட்டும் பணம் செலவழிக்க வேண்டாம். பிடிமானத்துக்காக வாங்கலாம். நெடு நேரம் ஓட்டினால் இடுப்பு வலிக்கிறது என்றால் வாங்கலாம். உயரமானவர் என்றால் தலைக்கு இடம் கிடைக்க வாங்கலாம்.

இந்த வழக்கத்துக்கு அறுபது ஆண்டு வயதாகிறது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் போர்ஷே 356 காருக்கு உடற்கூடு செய்துகொடுத்த ராய்ட்டர் நிறுவனம், தன் உடற்கூட்டுத் தொழிற்சாலையை 1963இல் போர்ஷேவிடமே விற்றது. சீட் செய்யும் பகுதி ரெக்காரோ என்ற பெயரில் தனியாகத் தொடர்ந்தது. 1965இல் ஃபிராங்க்ஃபர்ட் கார் கண்காட்சியில் அது தன் முதல் ஸ்போர்ட்ஸ் சீட்டைக் காட்டியது. பின்னர் இத்தாலியின் ஸ்பார்க்கோ, ஓஎம்பி, ஜப்பானின் பிரைட் எனப் பலர் வந்தார்கள்.

பொதுவாகப் பேசினால் இந்த விஷயம் பிடிபடாது. ஒரு காரை எடுத்துக்கொள்வோம். மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான, இரண்டே பேர் உட்காரக்கூடிய, மேற்கூரை மடிக்கும் கார். அமெரிக்காவில் மியாட்டா என்பார்கள். 2016 ஏப்ரலில் 10 லட்சமாவது கார் ஹிரோஷிமாவில் தயாரானது. உலகத்தில் சீட் மாற்றம் அதிகம் நடந்திருக்கும் கார்களில் இதுவும் ஒன்றாக இருக்கும் என்பது என் எண்ணம். இடம் குறுகலான கார் என்பதால், எங்கெங்கே தவறு நேரும் என்பதையெல்லாம் இது அப்பட்டமாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். காரின் சீட் வெறும் இருக்கை அல்ல. விபத்தில் உங்களைக் காப்பது பெல்ட், பெல்ட்டின் பக்கிள், சீட், சீட்டைத் தரையோடு பிணைக்கும் போல்ட், ஏர்பேக் ஆகியவை சேர்ந்த ஓர் அமைப்பு. கார் செய்தவர்கள் இவற்றை ஒன்றாக வைத்துத்தான் மோதிச் சோதித்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை அனைத்தும் பாதிக்கப்படும். 20 ஜி அளவுக்கு வேகம் சட்டென்று தடைபட்டால் 70 கிலோ உடம்பு 1,400 கிலோ பாரமாகிறது. அமெரிக்கப் பாதுகாப்பு விதி 207 சீட்டைப் பற்றியது. சீட்டின் சொந்த எடையைப் போல 20 மடங்கு விசையை அதன் பிணைப்புகள் தாங்க வேண்டும் என்கிறது. பெல்ட் சீட்டோடு இணைந்திருந்தால் பெல்ட்டில் வரும் இழுவிசையையும் அதே நேரத்தில் தாங்க வேண்டும்.

இந்தக் கடைசி வரி முதல் தலைமுறை எம்எக்ஸ்-5க்கு நேராகப் பொருந்துகிறது. அந்தக் காரில் பெல்ட்டின் பக்கிள் தரையில் இல்லை, சீட்டின் சட்டத்தில் இருக்கிறது. சீட்டைக் கழற்றினால் பக்கிளும் அதோடு வந்துவிடும். புதிய சீட்டில் அதை மாட்டப் பெரும்பாலும் இடம் இருக்காது. இங்கேதான் பலர் கையில் கிடைத்த தகட்டை வளைத்து, துளை போட்டு, பக்கிளைப் பொருத்திவிடுகிறார்கள். அந்தத் தகடு விபத்தின்போது உடம்பின் பாரத்தில் பெரும் பங்கைத் தாங்க வேண்டிய தகடு. அந்தக் காருக்கென்றே, பக்கிள் மாட்டும் இடத்தோடு செய்து விற்கப்படும் பிராக்கெட்டை வாங்குங்கள். சீட் வாங்கும் காசில் இதற்கும் சேர்த்து ஒதுக்கிவிடுங்கள். இந்த ஒரு இடத்தில் சிக்கனம் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்.

அடுத்தது ஏர்பேக். முதல் தலைமுறைக் கார்களில் ஏர்பேக் இருந்தால் அது ஸ்டீயரிங்கில் இருந்தது. அமெரிக்காவுக்குப் போன கார்களில் 1994 மாடலிலிருந்து பக்கத்து இருக்கைக்கும் வந்தது. சீட்டுக்குள் எதுவும் இல்லை. சில மாடல்களில் தலைச்சாய்மானத்துக்குள் ஸ்பீக்கர் இருக்கும், அதன் ஒயரைப் பிடுங்கினால் போதும். அதனால்தான் பழைய எம்எக்ஸ்-5இல் சீட் மாற்றுவது எளிது.

2005இல் வந்த மூன்றாம் தலைமுறையிலும், 2015 முதல் வரும் நான்காம் தலைமுறையிலும் கதை வேறு. சீட்டின் முதுகுப் பகுதிக்குள் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறது. பக்கத்து இருக்கையில் ஆள் இருக்கிறாரா, எடை எவ்வளவு என்று பார்க்கும் சென்சாரும் இருக்கும். அந்த சீட்டை எடுத்தால் ஏர்பேக்கும் போய்விடும். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். விளக்கை அணைக்க ஒரு சிறிய ரெசிஸ்டரை ஒயரில் செருகினால் போதும் என்பார்கள். ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் அது இருக்கிறது என்று கணினியை நம்பவைக்கும் வேலை அது. விளக்கு அணையும், பக்கவாட்டில் லாரி மோதினால் உங்கள் விலாவைக் காக்க அங்கே எதுவும் இருக்காது. சென்சாரை ஏமாற்றினால் இன்னும் சிக்கல்: குழந்தை உட்கார்ந்திருக்கும்போதும் முன் ஏர்பேக் முழு வேகத்தில் வெடிக்கக்கூடும், அல்லது பெரியவர் உட்கார்ந்திருக்கும்போது வெடிக்காமல் போகக்கூடும். தினமும் சாலையில் ஓட்டும் புதிய காராக இருந்தால், பக்கவாட்டு ஏர்பேக்கைக் கொடுத்துப் பிடிமானத்தை வாங்குவது நட்டமான வியாபாரம் என்பேன். பந்தயத் தடத்துக்கு மட்டுமே போகும் கார் என்றால் கணக்கு மாறும். அங்கே கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பாரும் ஹெல்மெட்டும் பந்தய பெல்ட்டும் சேர்ந்து வேறோர் அமைப்பாகிவிடுகின்றன.

அமெரிக்கச் சட்டம் இதில் ஒரு நுட்பமான கோட்டைப் போட்டிருக்கிறது. தொழிற்சாலையில் பொருத்திய பாதுகாப்புச் சாதனத்தைத் தெரிந்தே செயலிழக்கச் செய்ய தயாரிப்பாளருக்கோ விற்பனையாளருக்கோ பழுதுபார்க்கும் கடைக்கோ அனுமதி இல்லை. தன் காரைத் தானே மாற்றும் சொந்தக்காரரை அந்தப் பிரிவு கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே ஒரு நல்ல ஒர்க்‌ஷாப் இந்த வேலையை ஏற்க மறுத்தால் கோபப்பட வேண்டாம். செய்து முடித்த பிறகு பொறுப்பு முழுவதும் உங்களுடையது. ஜெர்மனியில் பாதை வேறு: ஒப்புதல் சான்று உள்ள சீட்டாக இருக்க வேண்டும், தேவையான இடங்களில் ஆய்வு நிறுவனத்திடம் காட்டி வண்டியின் ஆவணத்தில் பதிய வேண்டும். எந்த நாடாக இருந்தாலும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

இனி, எந்த சீட்? படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் இடுப்பும் தோளும் எவ்வளவு அகலம், கார் எவ்வளவு அகலம், இரண்டையும் டேப்பால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். எம்எக்ஸ்-5இல் சீட் உட்காரும் பள்ளம் ஒரு பக்கம் கதவடிப் படியாலும் மறுபக்கம் கியர்பாக்ஸை மூடும் டனலாலும் நெருக்கப்படுகிறது. உடம்பை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் பக்கெட் சீட் அகலமாக இருந்தால் அங்கே இறங்கவே இறங்காது. மேலே தோள் பகுதி கதவில் இடிக்கிறதா, பின்னால் முதுகு மேற்கூரை மடியும் பகுதியின் சுவரில் முட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். முட்டினால் சீட்டைப் பின்னுக்குத் தள்ள இயலாது. உயரமானவருக்கு அதோடு முடிந்தது. இந்தக் குறுகலுக்குத் தோதாகத்தான் லோட்டஸ் எலிஸ் காரின் மெல்லிய பழைய சீட்டுகளைத் தேடிப்பிடித்து எம்எக்ஸ்-5இல் போடும் வழக்கம் உருவானது.

உட்கார்ந்து பார்க்கும்போது ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடாதீர்கள். அரை மணி நேரம் உட்காருங்கள். முதுகு சாயும் கோணத்தை மாற்ற முடியாத ஒற்றைக் கூட்டு சீட் என்றால் அது உங்கள் முதுகெலும்பின் வளைவோடு முதலிலேயே ஒத்துப்போக வேண்டும், பழகிப்போகும் என்று நம்பக்கூடாது. தொடையின் இருபுறமும் உயர்ந்து நிற்கும் மேடு, வளைவில் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அதன்மேல் உரசித்தான் போக வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

விலை மலிவான போலிகள் ஏராளம். புகழ்பெற்ற பெயரைத் தைத்து, அதே துணியைப் போர்த்தி விற்பார்கள். முதுகுப் பகுதியைக் கையால் பலமாக அழுத்திப் பார்த்தால் கூடு நெளிவது தெரியும். போட்டிகளுக்கான சீட்டில் சர்வதேச மோட்டார் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் முத்திரைச்சீட்டு ஒட்டியிருக்கும். 8855-1999 என்ற தரத்தில் வந்த சீட்டுக்குப் போட்டிகளில் ஆயுள் தயாரித்த நாளிலிருந்து 5 ஆண்டு, தயாரிப்பாளரே சோதித்து ஒப்புக்கொண்டால் மேலும் 2 ஆண்டு. 8862-2009 என்ற உயர் தரத்துக்கு 10 ஆண்டு. பழைய பந்தய சீட் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது என்றால் அந்தத் தேதியைப் பாருங்கள். விபத்தில் சிக்கிய காரிலிருந்து கழற்றியது என்று தெரிந்தால் தொடவே வேண்டாம். ஃபைபர்கிளாஸுக்குள் விழுந்த விரிசல் துணிக்கு வெளியே தெரியாது.

சீட்டைத் தரையோடு பிணைப்பதுதான் வேலையின் நடுநாயகம். எம்எக்ஸ்-5இன் சீட் நான்கு போல்ட்டில் நிற்கிறது. முன் இரண்டும் பின் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை, முன்பக்கம் உயர்ந்திருக்கிறது. எந்தக் காருக்கும் பொருந்தும் என்று விற்கும் தட்டையான பிராக்கெட்டை வாங்கினால் இந்த உயர வித்தியாசத்தைச் சரிக்கட்ட வாஷர்களை அடுக்கத் தொடங்குவீர்கள். அது கூடவே கூடாது. அடுக்கிய வாஷர்களின் நடுவே போல்ட் வளையத் தொடங்கும். இழுவிசைக்கென்று செய்த போல்ட்டை வளைவிசையில் மாட்டிவிடுகிறோம்.

எஃப்.ஐ.ஏ. விதிகளை இங்கே ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம், போட்டிக்குப் போகாதவருக்கும் பயன்படும். சீட்டுக்குக் குறைந்தது நான்கு பிணைப்பு, போல்ட் குறைந்தது 8 மில்லிமீட்டர் தடிமன், பிராக்கெட் இரும்பாக இருந்தால் குறைந்தது 3 மில்லிமீட்டர், அலுமினியக் கலவையாக இருந்தால் 5 மில்லிமீட்டர். ஒவ்வொரு பிணைப்பும் எந்தத் திசையிலும் 15,000 நியூட்டன், அதாவது ஒன்றரை டன் விசையைத் தாங்க வேண்டும். காரின் தரையில் புதிதாகத் துளை போட்டால் அடியில் தகடு வைத்து இறுக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் அந்தத் தகடு தொடும் பரப்பு குறைந்தது 40 சதுர சென்டிமீட்டர். தகடு இல்லாமல் வெறும் வாஷரோடு மாட்டிய போல்ட், மெல்லிய தரைத்தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். இயன்றவரை புதிய துளையே வேண்டாம்; தொழிற்சாலை விட்ட நான்கு இடங்களையே பயன்படுத்துங்கள்.

போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். 8.8 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 800 நியூட்டன் வரை அறுபடாமல் தாங்கும், அதில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாமல் நிற்கும். ஹார்டுவேர் கடையில் பளபளக்கும் சாதாரண ஸ்டெய்ன்லெஸ் போல்ட் துரு பிடிக்காது என்பதற்காக இங்கே வரக்கூடாது. பக்கத்திலிருந்து சீட்டின் கூட்டுக்குள் போகும் போல்ட்டின் நீளத்தையும் பாருங்கள். குட்டையாக இருந்தால் சில மரைகளில் மட்டும் தொங்கும். நீளமாக இருந்தால் உள்ளே முட்டி நின்றுவிடும். இறுகியது போலத் தெரியும், சீட்டோ ஆடிக்கொண்டிருக்கும்.

கடைசியாக இறுக்குவதற்கு முன் உட்கார்ந்து பாருங்கள், ஓட்டும்போது போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு. கிளட்ச்சைத் தரைவரை மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். தோள் இரண்டும் முதுகில் படிந்திருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் விழ வேண்டும். எம்எக்ஸ்-5இன் முதல் இரண்டு தலைமுறைகளில் ஸ்டீயரிங்கை ஏற்றவோ இறக்கவோ இயலாது. முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி 2019 மாடலில்தான் வந்தது. ஆகவே பழைய காரில் எல்லாச் சரிக்கட்டலையும் சீட்டைக் கொண்டே செய்தாக வேண்டும். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்காக ஒரு மாலைப் பொழுது முழுவதும் போனாலும் போகட்டும்.

உயரமானவர்களின் பிரச்சினை தலை. ரோல் பாரின் உச்சியிலிருந்து முன் கண்ணாடிச் சட்டத்தின் உச்சிவரை ஒரு துடைப்பக் கம்பை வைத்துப் பார்ப்பார்கள். ஹெல்மெட் அணிந்த தலை அந்தக் கம்புக்குக் கீழே இருக்க வேண்டும். தடத்துக்குள் விடுவதற்கு முன் பல அமைப்பாளர்கள் செய்யும் சோதனை இது. கார் கவிழ்ந்தால் தரையைத் தொடப்போவது அந்தக் கோடுதான். இதற்காகப் புது சீட் வாங்கும் முன், செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. பழைய சீட்டின் துணியைக் கழற்றி, அடியிலுள்ள நுரையில் கொஞ்சத்தை வெட்டி எடுத்துவிட்டுத் திரும்பப் போர்த்துவது. மியாட்டாக்காரர்கள் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். பெல்ட், பக்கிள், போல்ட் எதையும் தொடாத வேலை. தலைக்கு இடம் மட்டும்தான் குறை என்றால் முதலில் இதைச் செய்து பார்க்கச் சொல்வேன். சீட்டுக்குள் ஏர்பேக்கும் சென்சாரும் உள்ள புதிய கார்களில் மட்டும் கத்தியை எடுக்காதீர்கள்.

பெல்ட் பற்றி விட்ட இடத்திலிருந்து. இடுப்புப் பட்டை தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். பக்கெட் சீட்டின் உயர்ந்த ஓரம் பட்டையைத் தூக்கிவிட்டால் அது வயிற்றில் ஏறிவிடும்; மோதலில் எலும்பு தாங்க வேண்டியதைக் குடல் தாங்கும். சீட்டின் பக்கத் துளை வழியாக பக்கிளைக் கொண்டுவந்தால் இது பெரும்பாலும் சரியாகும். தோள் பட்டையும் சீட்டின் தோள் மேட்டில் தொங்காமல் மார்பைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும்.

பக்கெட் சீட் வாங்கியதும் நான்கு முனை பந்தய பெல்ட்டையும் மாட்டிவிட ஆசை வரும். தொடைகளுக்கு நடுவே வரும் பட்டை இல்லாவிட்டால், மோதலில் தோள் பட்டைகள் இடுப்புப் பட்டையை மேலே இழுத்துவிடும், உடம்பு அடியில் வழுக்கிக்கொண்டு போகும். ஆறு முனை பெல்ட் போடுங்கள், அல்லது பழைய மூன்று முனையிலேயே இருங்கள். தோள் பட்டைகள் பின்னால் கிடைமட்டத்திலிருந்து 10 டிகிரிக்கு மேல் கீழிறங்காமல் இருப்பது நல்லது, 45 டிகிரியைத் தாண்டவே கூடாது. தரையில் கட்டினால் மோதலில் தோளை அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். ரோல் பார் இல்லாத திறந்த காரில் பந்தய பெல்ட் இன்னும் ஆபத்து: கார் கவிழும்போது உடம்பு குனியவோ சரியவோ வழியில்லாமல் நிமிர்ந்தபடி பூட்டப்பட்டிருக்கும்.

மாட்டும் நாளில் அவசரம் வேண்டாம். பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்துவிட்டு சீட்டைத் தொடுங்கள். ஏர்பேக்கின் ஒயர்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறக் கனெக்டரில் வரும், அவற்றில் மல்ட்டிமீட்டர் வைக்காதீர்கள். முப்பது ஆண்டு பழைய காரில் போல்ட் துருவேறிச் சிக்கியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முந்தைய இரவே ஊற்றிவிடுங்கள்; தலை உடைந்துபோன போல்ட்டை வெளியே எடுப்பது ஒரு நாள் வேலை. சீட் வெளியே வந்ததும் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். மேற்கூரை ஒழுகும் கார்களில் தண்ணீர் அங்கேதான் தேங்கும். தரை துருவால் மெலிந்திருந்தால் வெல்டிங் முடியும்வரை புதிய சீட் காத்திருக்கட்டும். நான்கு போல்ட்டையும் முதலில் கையால் சுற்றி உட்காரவைத்து, பிறகு கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ரெயிலின் இருபக்கப் பூட்டும் ஒரே நேரத்தில் விழுகிறதா என்று முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பூட்டிய சீட் பிரேக் பிடிக்கும்போது கோணலாக இழுக்கும்.

சில நாள் ஓட்டிய பிறகு ரெஞ்சை மீண்டும் எடுத்து எல்லா போல்ட்டையும் ஒருமுறை சரிபாருங்கள். பழைய சீட்டுகளை விற்றுவிட வேண்டாம். ஏர்பேக் உள்ள சீட் என்றால் வெயிலும் ஈரமும் படாத இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல், நிமிர்த்தி வையுங்கள். காரைக் கைமாற்றும் நாளில் அவற்றைத் திரும்பப் பொருத்திக் கொடுத்தால், அடுத்து ஓட்டுபவருக்குத் தொழிற்சாலை வகுத்த பாதுகாப்பு முழுதாகக் கிடைக்கும், உங்கள் பக்கெட் சீட்டும் உங்களிடமே இருக்கும்.